ஒரு ரொட்டியும் சில வெள்ளைப் பலகைகளும்

அயர்லாந்து நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிங் (1871–1909) எழுதிய 'ரைடர்ஸ் டு த சீ' என்ற ஓரங்க நாடகம் ஒரு குடிசையின் சமையலறையில் தொடங்குகிறது. இருபது வயதை ஒட்டிய காத்லீன் என்ற பெண் மாவு பிசைந்து முடித்து, அதைக் கணப்பின் அருகே இரும்புச் சட்டியில் வேக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ராட்டையின் முன் உட்காருகிறாள். கடலைத் தாண்டிக் குதிரைச் சந்தைக்குப் போகவிருக்கும் உடன்பிறந்தான் பார்ட்லிக்காகச் சுடப்படும் அந்த ரொட்டி அவன் கைக்குப் போய்ச் சேர்வதே இல்லை. அவனுக்கென்று அறுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிய துண்டு கொண்டுபோன கையிலேயே வீடு திரும்புகிறது. மீந்த ரொட்டியோ, மறுநாள் விடியலில் அவனுக்குச் சவப்பெட்டி செய்ய வரப்போகும் ஊர்க்காரர்களுக்கு உணவாக ஒதுக்கப்படுகிறது. ரொட்டியோடு சேர்த்து அவனுக்குக் கிடைக்காமல் போகும் இன்னொன்றும் உண்டு. அது தாயின் ஆசி. அதுவும் நாடகத்தின் முடிவில் வேறு பலரைச் சென்றடைகிறது. மகனுக்கு எட்டாமல் நின்றுபோன உணவும் வாழ்த்தும் ஊருக்கும் உலகுக்கும் உரியவையாக மாறும் இந்தப் பயணமே, மேடையில் அரை மணி நேரம் அளவே நடக்கும் இந்தச் சிறிய நாடகத்தின் உயிர்நாடி.

'கடல் நோக்கிச் செல்லும் குதிரையாளர்கள்' என்று தமிழில் பொருள் கொள்ளத்தக்க இந்நாடகம் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், டப்ளின் நகரின் மோல்ஸ்வொர்த் அரங்கில், ஐரிஷ் தேசிய நாடகச் சங்கத்தாரால் முதன்முதலாக நடிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட ஆபி நாடக அரங்கின் பெயரோடுதான் சிங்கின் பெயர் பின்னாளில் பிரிக்க முடியாதபடி இணைந்தது; கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ், லேடி கிரெகரி ஆகியோருடன் அவ்வரங்கின் இயக்குநர்களுள் ஒருவராகவும் அவர் விளங்கினார். ஆங்கில மேடை ஐரிஷ் நாட்டுப்புறத்தாரைக் குடியும் கூத்துமாகத் திரியும் கோமாளிகளாகவே காட்டிப் பழகியிருந்த காலத்தில், எழுத்தறிவும் செல்வமும் இல்லாத ஒரு தீவுக் கிழவியைக் கிரேக்கத் துன்பியல் நாடகங்களின் அரசியருக்கு நிகரான நிமிர்வோடு மேடையில் நிறுத்தியது இந்நாடகம்.

நாடகத்தின் களம் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஒரு தீவு என்று மட்டுமே சிங் குறிப்பிடுகிறார். ஆனால் கால்வே விரிகுடாவின் வாயிலில் கிடக்கும் மூன்று ஆரன் தீவுகளில், குறிப்பாக நடுத்தீவான இனிஷ்மானில், அவர் கண்டதும் கேட்டதுமே நாடகத்துக்குக் கருப்பொருளாயின என்பதில் ஐயமில்லை. டப்ளினின் வசதியான புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்து, இசை பயின்று, பாரிஸ் நகரில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த அவரை 1896இல் சந்தித்த யேட்ஸ், ஆரன் தீவுகளுக்குச் சென்று அங்குள்ளோரில் ஒருவராக வாழ்ந்து பார்க்கும்படி அறிவுறுத்தினார். 1898 தொடங்கி 1902 வரை ஆண்டுதோறும் சில வாரங்கள் அத்தீவுகளில் தங்கிய சிங், சுண்ணாம்புப் பாறைகளின் மேல் மணலையும் கடற்பாசியையும் கொட்டி மண் உண்டாக்கிப் பயிர் செய்யும் மக்களையும், 'கரா' எனப்படும் படகில், அதாவது மெல்லிய மரச்சட்டத்தின் மேல் தார் பூசிய கித்தானைப் போர்த்திய படகில், பேரலைகளுக்குள் இறங்கும் ஆண்களையும் அருகிருந்து கண்டார். அந்த அனுபவங்கள் 1907இல் 'ஆரன் தீவுகள்' என்ற நூலாக வெளிவந்தன. தொலைதூர டோனகால் கரையில் ஒதுங்கிய உடல் தீவைச் சேர்ந்த ஒருவருடையதா என்பதை உடைகளைக் கொண்டு அறிய நேர்ந்த செய்தியும், கடலில் மாண்ட மகன் குதிரைமேல் போவதைக் கண்ட ஒரு தாயின் கதையும் அந்நூலில் தனித்தனிச் செய்திகளாக இடம்பெறுகின்றன. நாடகம் அவ்விரண்டையும் ஒரே வீட்டில், ஒரே பகற்பொழுதில் கொண்டுவந்து சேர்க்கிறது.

கதை எளியது. மோர்யா என்ற முதியவள் தன் மாமனார், கணவன், நான்கு மகன்கள் ஆகியோரைக் கடலுக்குக் கொடுத்தவள். ஐந்தாம் மகன் மைக்கேல் காணாமற்போய் ஒன்பது நாள்கள் ஆகின்றன. எஞ்சிய ஒரே மகன் பார்ட்லி, காற்று பலத்திருக்கும் நாளில், கால்வே சந்தையில் குதிரைகளை விற்கப் புறப்படுகிறான். மகள்கள் காத்லீனும் நோராவும், டோனகாலில் கரையொதுங்கிய ஒருவனின் உடலிலிருந்து எடுத்ததாக இளம் குருவானவர் கொடுத்த சட்டையையும் காலுறையையும் தாய் அறியாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள். நாடகம் முடியுமுன் அவை மைக்கேலுடையவை என்பது உறுதியாகிறது. பார்ட்லியின் உடலும் வீடு வந்து சேர்கிறது. நிகழ்ச்சிகள் இவ்வளவே. இவற்றை முன்கூட்டியே அறிந்திருந்தாலும் பார்வையாளரின் ஈடுபாடு குன்றுவதில்லை; ஏனெனில் என்ன நடக்கும் என்பதை மேடையில் உள்ள ஒவ்வொருவரும் முதலிலிருந்தே அறிந்திருக்கிறார்கள், அறிந்ததைச் சொல்லாதிருப்பதற்காகவே அவர்கள் ரொட்டி சுடுகிறார்கள், நூல் நூற்கிறார்கள், அடுப்பைக் கிளறுகிறார்கள்.

அந்தச் சமையலறையில் உள்ள எந்தப் பொருளும் வெறும் அலங்காரமாக வைக்கப்பட்டதன்று. வலைகளும், நீர் புகாத எண்ணெய்த்துணி உடைகளும், ராட்டையும் பிழைப்பின் அடையாளங்கள் என்றால், சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்ட புதிய வெள்ளைப் பலகைகள் சாவின் அடையாளம். மரம் அரிதான தீவில் மைக்கேலின் உடல் கிடைத்தால் சவப்பெட்டி செய்வதற்கென்று, கானமாராவிலேயே மிகச் சிறந்தவற்றை மோர்யா பெரும் விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறாள். பலகைகளின் அருகில் ஆணியில் ஒரு கயிறு தொங்குகிறது. கறுப்புக் கால் பன்றி அதைக் கடிப்பதால் மேலே மாட்டி வைக்கப்பட்ட அந்தக் கயிறு குதிரைக்குத் தலைக்கயிறாக வேண்டும் என்கிறான் பார்ட்லி. மைக்கேலின் பெட்டியைக் குழியில் இறக்க அது தேவைப்படும், விட்டுவிடு என்கிறாள் தாய். ஒரு கயிற்றின் இரு முனைகளையும் வாழ்வும் சாவும் பற்றி இழுக்கும் இந்த உரையாடலில் உருவகம் என்று எதுவும் உரக்க ஒலிப்பதில்லை. வீட்டுச் சாமான் ஒன்றைப் பற்றிய சாதாரணத் தகராறாகவே அது நடந்து முடிகிறது. பொருளின் மீது கருத்தை ஏற்றாமல், பொருளின் பயன்பாட்டிலிருந்தே கருத்தைக் கசியவிடும் இந்த முறைதான் சிங்கின் தனிக்கலை.

பார்ட்லி போகக் கூடாது என்று தாய் மன்றாடுகிறாள். அவன் அவளுக்கு நேரடியாக மறுமொழி சொல்வதில்லை. ஆடுகள் பயிருக்குள் புகாமல் பார்த்துக்கொள்வது, பன்றிக்கு நல்ல விலை வந்தால் விற்றுவிடுவது, கடற்பாசி சேர்ப்பது என்று வீட்டு வேலைகளைத் தங்கையரிடம் ஒப்படைப்பதே அவன் மறுமொழி. இதைக் கல்நெஞ்சம் என்று கொள்வது பிழை. ஆண் ஒருவனே எஞ்சியிருக்கும் வீட்டில் சந்தைக்குப் போகாதிருப்பது இயலாது என்பதை அவனும் அறிவான், காத்லீனும் அறிவாள், மன்றாடும் தாயும் உள்ளூர அறிவாள். கடவுளின் ஆசி உங்களுக்கு உண்டாகட்டும் என்ற வழக்கமான வாழ்த்தோடு அவன் வெளியேறும்போது, பதில் வாழ்த்து சொல்ல வேண்டியவள் சொல்லாமல் அடுப்பைக் குறியற்றுக் கிளறுகிறாள். வாசல் தாண்டுபவனுக்கு வாழ்த்து மறுப்பது அத்தீவின் வழக்கில் தீக்குறி. சற்றுப் பின்னரே ரொட்டி கொடுக்க மறந்ததும் நினைவுக்கு வருகிறது. இரண்டையும் ஒருசேர ஈடு செய்ய, ஊற்றடியில் அவனை மறித்து ரொட்டியைக் கொடுத்து வாழ்த்தும் சொல்லிவிட்டு வரும்படி மகள்கள் தாயை அனுப்புகிறார்கள். தடுமாறாமல் நடக்க அவள் ஊன்றிச் செல்லும் கோல் மைக்கேல் வாங்கி வந்தது. மற்ற ஊர்களில் முதியோர் இளையோருக்கு உடைமைகளை விட்டுச் செல்ல, இங்கே இளையோர் முதியோருக்கு விட்டுச் செல்கிறார்கள் என்று அப்போது அவள் சொல்வது, தன்னிரக்கத்தின் சாயலே இல்லாத, வெறும் கணக்குச் சொல்லும் குரலில் வருகிறது. அதனாலேயே அது நெஞ்சில் தைக்கிறது.

தாய் வெளியேறியதும் மகள்கள் மூட்டையை எடுக்கும் காட்சி, மேடைக்கலையில் நுண்மை என்பதற்கு உரைகல்லாக நிற்கத்தக்கது. கூரையடியில், அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகள், அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய மண்கட்டிகள், அடுக்கியிருக்கும் பரணிலிருந்து மூட்டை இறங்குகிறது. உப்பு நீர் ஏறி இறுகிப்போன முடிச்சு விரலுக்கு நெகிழ மறுக்கவே, கத்தியால் அறுக்கிறார்கள். சட்டைத் துணியை மைக்கேலின் மற்றொரு சட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேடினால், தன் சட்டை உப்பேறிக் கனத்திருந்ததால் அதைத்தான் காலையில் பார்ட்லி அணிந்து சென்றான் என்பது தெரிய வருகிறது. இறந்தவனின் உடை உயிரோடிருப்பவனைச் சூழ்ந்திருக்கும் செய்தி இப்படி ஒரு துணித் தேடலின் இடையே ஓசையின்றி வந்து விழுகிறது. துணி ஒத்திருக்கிறது; ஆனால் அதே துணி கால்வே கடைகளில் எத்தனையோ பேருக்கு விற்றிருக்கலாம் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சமிருக்கிறது. பிறகு நோரா காலுறையை எடுத்துக் கண்ணிகளை எண்ணுகிறாள். தான் பின்னிய மூன்றாவது சோடியில் இரண்டாவது அது. 60 கண்ணிகள் போட்டுத் தொடங்கி, இடையில் 4 கண்ணிகள் தவறவிட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. எண்ணிக்கை பொருந்துகிறது. பின்னலில் நேர்ந்த சிறு பிழை ஒன்று, முகம் அழிந்துபோன உடலுக்குப் பெயர் தருகிறது. கைத்தொழிலின் நினைவு விரல்நுனியில் தங்கியிருக்கும் ஒருத்தியால்தான் இப்படி அடையாளம் காண முடியும். அன்பு என்ற சொல்லை ஒருமுறையும் உச்சரிக்காத அந்தத் தங்கையின் அன்பு, அந்த எண்ணிக்கையில் முழுமையாக வெளிப்பட்டுவிடுகிறது. படகு வலிப்பதிலும் மீன் பிடிப்பதிலும் பேர் பெற்ற ஒருவனின் மிச்சம் ஒரு பழஞ்சட்டையும் காலுறையும்தானா என்ற ஏக்கம் அதற்குப் பிறகே சொல்லாக வருகிறது.

ஊற்றடியிலிருந்து திரும்பும் மோர்யாவின் கையில் ரொட்டி அப்படியே இருக்கிறது. பார்ட்லி செந்நிறப் பெண்குதிரையின் மேல் வந்தான், பின்னால் சாம்பல்நிற மட்டக்குதிரை வந்தது. வாழ்த்தச் சொல்லெடுத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த மட்டக்குதிரையின் மேல் நல்ல உடையும் காலில் புதிய செருப்புமாக மைக்கேல் அமர்ந்திருந்தான் என்று அவள் சொல்கிறாள். பதனிடாத மாட்டுத்தோலைக் காலில் கட்டி நடக்கும் தீவினருக்குப் புதிய செருப்பு அணிந்த உருவம் இவ்வுலகைச் சேர்ந்ததாகத் தோன்றாது. விவிலியத்தின் இறுதி நூலில் செந்நிறக் குதிரையும் வெளிறிய குதிரையும் வருவதும், வெளிறியதன் மேல் வருபவன் பெயர் சாவு என்றிருப்பதும் ஆய்வாளர் பலர் சுட்டிக்காட்டிய ஒப்புமை. நாடகத்தின் தலைப்பு பன்மையில் இருப்பதன் காரணமும் இக்காட்சியில் விளங்குகிறது: கடலுக்குச் சவாரி போகிறவர்கள் இருவர், ஒருவன் உயிரோடும் மற்றவன் உயிரின்றியும் அடுத்தடுத்துப் போகிறார்கள்.

இதையடுத்து வருவதே நாடகத்தின் உச்சம். மோர்யா இறந்தவர்களின் வரிசையைச் சொல்லத் தொடங்குகிறாள். ஸ்டீபனும் ஷானும் பெருங்காற்றில் போனார்கள். ஷேமஸும் அவன் தந்தையும் பாட்டனும் ஓர் இருட்டிரவில் போனார்கள். பேட்ச் கவிழ்ந்த படகிலிருந்து மூழ்கினான். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கடற்கரைப் பக்கம் கூக்குரல் எழுகிறது; மகள்கள் அதைக் கேட்டுத் திகைக்கிறார்கள், அவளோ எதையும் கேளாமல் தொடர்கிறாள். பேட்ச் இறந்த நாளில், பார்ட்லியைக் கைக்குழந்தையாக மடியில் வைத்து உட்கார்ந்திருந்தபோது, பெண்கள் இருவர், மூவர், நால்வராகச் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு உள்ளே வந்தனர் என்றும், பின்னால் ஆண்கள் பாதிச் சிவப்புப் பாயில் எதையோ சுற்றித் தூக்கி வந்தனர் என்றும், மழையில்லாத அந்நாளில் அதிலிருந்து சொட்டிய நீர் வாசல்வரை தடம் போட்டது என்றும் அவள் சொல்லி முடிக்கையில், கதவு மெல்லத் திறக்கிறது. கிழவிகள் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள். தலைமேல் சிவப்புப் பாவாடைகளைப் போர்த்து மேடையின் முன்புறம் மண்டியிடுகிறார்கள். சொல்லப்பட்ட பழைய சாவும் நடக்கும் புதிய சாவும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து பிரித்தறிய முடியாமற்போகின்றன. வந்திருப்பது பேட்சா, மைக்கேலா, யார் என்று அவளே கேட்க வேண்டிவருகிறது. நினைவு பேசி முடித்த இடத்தில் நிகழ்வு வந்து நிற்கும் இந்தப் பொருத்தம், இசையில் ஆலாபனை முடியும் புள்ளியில் தாளம் வந்து சேர்வதைப் போல, முன்னரே தெரிந்திருந்தும் மெய்சிலிர்க்க வைப்பது. நீர் சொட்ட எடுத்து வரப்படுவது பார்ட்லி; சாம்பல்நிற மட்டக்குதிரை தட்டிவிட, கடலில் விழுந்து மாண்டவன்.

இவ்விடத்தில் மேடை ஒரு வீட்டின் சமையலறையாக இருப்பதை நிறுத்திவிட்டு ஊரின் துக்கக் கூடமாகிறது. பெண்கள் மெல்ல அசைந்தாடியபடி எழுப்பும் ஓலத்தை ஐரிஷ் மொழியில் 'கீன்' என்பர். இறந்தவரைச் சுற்றியமர்ந்து, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து ஏற்றும் சாவுப்பாட்டு அது. ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு அதன் இயல்பு எளிதில் விளங்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரிகள் பல தலைமுறைகளாகக் கண்டித்தும் மேற்கு அயர்லாந்தில் அது தொடர்ந்து வந்தது. எண்பது வயதைக் கடந்த ஒருத்தியின் அடக்கத்தின்போது இனிஷ்மானில் அதைக் கேட்ட சிங், அது அந்த ஒரு கிழவிக்கான தனிப்பட்ட அழுகை அன்று என்றும், காற்றோடும் கடலோடும் போராடி வாழும் தீவினர் ஒவ்வொருவரின் அடிமனத்திலும் புதைந்து கிடக்கும் கொதிப்பே அதில் வெளிப்படுகிறது என்றும் தம் நூலில் எழுதியிருக்கிறார். இக்கருத்தே நாடகத்தின் இறுதிப் பகுதிக்கு ஆதாரம். உள்ளே வந்து மண்டியிடும் பெண்களில் ஒருத்திக்குக்கூடத் தனிப்பெயர் இல்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் தன் வீட்டிலும் இப்படி ஒரு நாளைக் கண்டவளாகவோ காணப்போகிறவளாகவோ இருக்கிறாள். அவர்கள் மோர்யாவுக்கு ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்வதில்லை. வந்து மண்டியிடுவதும் குரலைச் சேர்ப்பதும் மட்டுமே அவர்கள் செய்வது. துக்க வீட்டில் மனிதர் மனிதருக்குச் செய்யக்கூடியது அவ்வளவே என்பதையும், அந்த அவ்வளவு எத்தனை பெரியது என்பதையும் அந்த மௌனம் ஒருசேர உணர்த்துகிறது.

ஆண்களின் பங்கு வேறு. அவர்கள் உடலைப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்து மேசைமேல் வைக்கிறார்கள். விடிந்ததும் பெட்டி செய்ய முடியுமா என்று காத்லீன் ஒரு முதியவரைக் கேட்கிறாள். மைக்கேலுக்கென்று வாங்கிய நல்ல வெள்ளைப் பலகைகள் இருக்கின்றன, வேலை செய்யும்போது தின்னப் புதிய ரொட்டியும் இருக்கிறது என்கிறாள். அவர் பலகைகளைப் பார்த்துவிட்டு, ஆணி இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை, ஆணியைப் பற்றி யாருமே நினைக்கவில்லை. எத்தனையோ சவப்பெட்டிகள் செய்யக் கண்டவள் ஆணியை மறந்தது வியப்புதான் என்கிறார் இன்னொருவர். வயதாகி உடைந்துபோய்விட்டாள் என்று மகள் மறுமொழி கூறுகிறாள். துன்பியல் நாடகத்தின் சிகரத்தில் ஆணியைப் பற்றிப் பேசும் துணிவு மிகச் சிலருக்கே வாய்க்கும். பெருந்துயரத்தின் நடுவிலும் ஒரு வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாராவது பார்த்தாக வேண்டும். அந்தப் பார்வையே ஊர் என்பது. மோர்யாவின் உடைவை நீண்ட புலம்பலால் காட்டாமல், பலகை வாங்கியவள் ஆணி வாங்க மறந்தாள் என்ற ஒரு குறையால் காட்டியிருப்பதில் சிங்கின் அளவறிந்த கை தெரிகிறது.

அந்தப் பேச்சு நடக்கும்போது மோர்யா அதைக் கேட்கும் நிலையில் இல்லை. எல்லோரும் போய்விட்டார்கள், இனிக் கடல் தன்னை எதுவும் செய்ய முடியாது என்ற தெளிவு அவளுக்கு வந்துவிட்டது. தென்காற்று உடையும் இரவுகளில் எழுந்திருந்து அழ வேண்டியதில்லை. குளிர்காலத் தொடக்கமான 'சவுன்' திருநாளுக்குப் பிந்தைய நீண்ட இரவுகளில் இனி உறங்கலாம், உண்ண ஈரமாவும் கெட்டுப்போன மீனும் மட்டுமே இருந்தாலும் உறங்கலாம். இந்த ஓய்வு வெற்றியன்று. இழப்பதற்கு இனி ஒன்றும் இல்லாதவளின் ஓய்வு. ஆயினும் அவள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. மைக்கேலின் உடைகளைப் பார்ட்லியின் கால்மேல் விரித்து, உடல் வீடு வந்து சேராத மகனுக்கும் வந்து சேர்ந்த மகனுக்கும் ஒரே அடக்கச் சடங்காக்குகிறாள். தீர்த்தம் தெளித்து முடிந்ததும் வெற்றுக் கிண்ணத்தை மேசைமேல் கவிழ்த்து வைக்கிறாள். பிறகு பிரார்த்திக்கிறாள்: பார்ட்லியின் ஆன்மாவுக்காக, மைக்கேலுக்காக, ஷேமஸ், பேட்ச், ஸ்டீபன், ஷான் ஆகியோருக்காக, தனக்காக, முடிவில் இவ்வுலகில் உயிரோடு எஞ்சியிருக்கும் ஒவ்வொருவருக்காகவும். காலையில் ஒரு மகனுக்குச் சொல்லத் தொண்டையில் சிக்கிய வாழ்த்து, மாலையில் உலகு முழுவதற்குமாக வெளிப்படுகிறது. இறந்தோர் பட்டியலாகத் தொடங்கும் வேண்டுதல் வாழ்வோரையும் அணைத்துக்கொண்டு முடிவதுதான் இந்நாடகம் காட்டும் மானுட உறவின் எல்லை. எந்த மனிதரும் என்றென்றைக்கும் வாழ்வதில்லை என்று அவள் இறுதியாகச் சொல்லும் தெளிவு, இந்த விரிவுக்குப் பின்னர் வருவதாலேயே வெறும் பழமொழியாகச் சிறுத்துவிடாமல் கனம் பெறுகிறது.

நாடகத்தின் மொழியும் தனியே கவனிக்கத்தக்கது. ஐரிஷ் மொழியில் சிந்திப்போர் பேசும் ஆங்கிலத்தின் வாக்கிய அமைப்பையும் தாளத்தையும் செறிவாக்கிச் சிங் தமக்கென ஒரு நடையை உருவாக்கினார். ஒரு செயல் இப்போதுதான் முடிந்தது என்பதைக் குறிக்க, ஒருவர் அச்செயலுக்குப் 'பின்னால்' இருக்கிறார் என்று சொல்வதும், வீட்டுத் தலைவியைப் பெயர் சொல்லாமல் மதிப்போடு 'தான்' என்ற பொருளுடைய சொல்லால் சுட்டுவதும் அந்த நடையின் கூறுகள். வாக்கியங்கள் அலைபோல நீண்டு எழுந்து, முடிவில் தாழ்ந்து அடங்குகின்றன; அதனால் உரைநடையாக எழுதப்பட்டது மேடையில் இசையாக ஒலிக்கிறது. இங்கிலாந்தின் இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் இந்நாடகத்தின் உரையாடலை ஏறத்தாழ அப்படியே வைத்து அமைத்த ஆபரா 1937இல் லண்டனில் அரங்கேறியபோது, சொற்களைப் பெரிதாக மாற்ற வேண்டிய தேவை அவருக்கு ஏற்படாததன் காரணம் அதுவே.

குறை கண்டோரும் உண்டு. 1903இல் பாரிஸில் இதன் கைப்படியைப் படித்த ஜேம்ஸ் ஜாய்ஸ், அரிஸ்டாட்டில் வகுத்த துன்பியல் இலக்கணத்துக்கு இது பொருந்தவில்லை என்று மறுத்தார். பாத்திரத்தின் தவறான முடிவால் வீழ்ச்சி விளைய வேண்டும், அதற்கேற்ற நீட்சியும் வேண்டும் என்பது அவ்விலக்கணம். இங்கோ வீழ்த்துவது கடல், நடப்பது ஒரே அங்கம். பார்ட்லி புறப்பட்டுச் சில நிமிடங்களுக்குள் அவன் உடல் திரும்பிவிடுவது நம்பத்தக்கதா என்ற வினாவும் எழுப்பப்படுவதுண்டு. கடிகாரக் கணக்குப்படி பார்த்தால் வினா நியாயமானதே. ஆனால் அந்த இடைவெளியை நிரப்புவது மோர்யா சொல்லும் ஆறு சாவுகளின் கதை, அதாவது ஒரு வாழ்நாள் முழுவதும். அத்தனை ஆண்டுகளைக் கேட்டு முடித்த பார்வையாளர், நிமிடங்களை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஜாய்ஸின் கருத்தும் அப்படியே நின்றுவிடவில்லை. பின்னாளில் இந்நாடகத்தை நண்பர் ஒருவரோடு சேர்ந்து இத்தாலிய மொழியில் பெயர்த்தார், 1918இல் சூரிச் நகரில் அவர் தொடர்பு கொண்டிருந்த நாடகக் குழு இதை நடித்தபோது, கால்வேயில் பிறந்த அவருடைய வாழ்க்கைத் துணை நோரா பார்னக்கிள் மேடையேறினார்.

ரொட்டியின் பயணத்தை வேறு திசையில் கொண்டு சென்றவர் பெர்டோல்ட் பிரெக்ட். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, இந்நாடகத்தின் கட்டமைப்பை எடுத்துக்கொண்டு அவர் எழுதிய 'திருமதி காரரின் துப்பாக்கிகள்' 1937இல் பாரிஸில், ஹெலன் வைகலின் நடிப்பில் அரங்கேறியது. அதிலும் மீனவர் குடிசை, அடுப்பில் ரொட்டி, மகனைக் காக்க முயலும் தாய், சுமந்து வரப்படும் உடல் ஆகிய எல்லாம் உண்டு. ஆனால் முடிவில் அந்தத் தாய் ஒளித்து வைத்த துப்பாக்கிகளை எடுத்துக் கொடுத்து, வெந்த ரொட்டியோடு போர்முனைக்குப் புறப்படுகிறாள். பகைவன் மனிதனாக இருக்கும் இடத்தில் துயரம் எதிர்ப்பாக மாறலாம், மாறவும் வேண்டும். பகைவன் கடலாக இருக்கும் தீவில் துப்பாக்கிக்கு வேலையில்லை. அங்கே துயரம் கூடிச் செய்யும் வேலையாகவும் கூட்டு வேண்டுதலாகவுமே மாற முடியும். இருவரும் ரொட்டியைக் கைவிடவில்லை என்பதுதான் குறிப்பிடத்தக்கது. செயிண்ட் லூசியா தீவின் கவிஞர் டெரக் வால்காட் 1954இல் எழுதிய 'த சீ அட் டாஃபின்' நாடகமும் சிங்கின் இந்த ஊற்றிலிருந்தே நீர் மொண்டது. கடலோரத்து ஏழை மீனவர்களின் பேச்சு பெருந்துயரத்தின் மொழியாகத் தகுதி பெற்றது என்ற துணிவை அவருக்கு அளித்தது ஆரன் தீவின் அந்தச் சமையலறையே.

இதை மேடையேற்றுவோர்க்கு உள்ள பெரிய சோதனை, அழுகையின் அளவு. கீன் ஓங்கிவிட்டால் மோர்யாவின் தணிந்த குரல் அமிழ்ந்துபோகும்; அடங்கிவிட்டால் அவள் தனியொருத்தியின் சோகத்தோடு நின்றுவிடுவாள். அவள் பேசும்போது தாழ்ந்தும், அவள் நிறுத்தும்போது சற்றே எழுந்தும், பிறகு கரைந்தும் போகும்படி சிங் அமைத்திருக்கும் அந்த ஒலிப்படுகை சரியாக அமையும் மேடையில், முன்வரிசையில் மண்டியிட்டிருக்கும் பெண்களின் முதுகுகளுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பார்வையாளரும் அந்தத் துக்க வீட்டில் அடுத்த வரிசையாகிவிடுகிறார்கள்.

திரை விழும்போது பார்ட்லிக்குப் பெட்டி இன்னும் ஆகவில்லை. பலகைகள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன, ரொட்டி தயாராக இருக்கிறது, ஆணி மட்டும் இல்லை. விடிவதற்குள் அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அந்தத் தீவில் அது வேறு யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியிலிருந்துதான் வர முடியும். ஒரு தாய் ஒரு மகனுக்கென்று வாங்கிய பலகைகள் இன்னொரு மகனுக்குப் பயன்படும், அவற்றை இணைக்கும் ஆணிகள் ஊர் கொடுத்தவையாக இருக்கும்.